நிலைப்படியில் நின்று சொல்லிக்கொடுத்த தக்காளி சாஸ்

1

பெங்களூரில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்தவள் என்று எழுதினால் ஊரில் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ராயக்கோட்டையில் பஸ் ஏறி, ஓசூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் சந்தாபுரா. காலையில் பறித்த தக்காளி மதியத்துக்குள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் தூரம்தான். கடல் இல்லை, விசா இல்லை, விமானம் இல்லை. ஆனாலும் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆன சமயத்தில் நடந்ததை எழுத உட்காரும்போது, வேறு எந்தப் பெயரும் எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஊரை விட்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஊர் எனக்கு முன்னாலேயே வந்து, இங்கே மாடி வீடு கட்டி, கீழே தான் குடியிருந்துகொண்டு மேலே எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பெருமையாகவே. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறிக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். கிருஷ்ணகிரியில் அரசுக் கல்லூரியில் படித்து முடித்து, இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிறேன். பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால், கண்ணில் பட்டதைப் படாத மாதிரி வைத்துக்கொள்ள எனக்கு வராது. என் கணவர் செந்திலுக்குப் பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். மகள் கயல் இரண்டாம் வகுப்பு. அவள் தமிழில் பாதி கன்னடம். போதும் என்பதற்கு ‘சாக்கு’ என்பாள். போனில் அதைக் கேட்ட அப்பா, பேத்திக்கு எதற்குக் கோணிப்பை என்று என்னிடம் விசாரித்தார்.

2

வீடு தேடிய நாட்களில் பல ஓனர்களைப் பார்த்தேன். சைவமா அசைவமா என்று கேட்டார்கள், எத்தனை பேர் என்று கேட்டார்கள், எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நான் எந்தத் தெரு என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் என் பாஷை பேசுகிறவர்.

ஹேமா அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் அப்பா காலத்தில் நம் பக்கத்திலிருந்து வந்து சந்தாபுராவில் நிலைத்த குடும்பம். பால்காரரிடம் கன்னடம், வீட்டுக்குள் தமிழ், ஒரே மூச்சில் இரண்டுக்கும் தாவுவார். ராயக்கோட்டை என்றதும் முகமெல்லாம் சிரிப்பு.

“அட, நம்ம ஊர்ப் பொண்ணு! ராயக்கோட்டைல எங்கம்மா?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“தெரியுமே! எங்க மாமா வீடு அங்கதான். நீங்க ஊருக்குள்ளயா, ஏரிக்கரைப் பக்கமா?”

ஏரிக்கரைப் பக்கம் இருப்பது எங்கள் காலனி மட்டும். பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் படித்த திமிர்.

“ஏரிக்கரைக்கா.”

“ஓ” என்றார்.

மேல் வீடு பல மாதமாகக் காலியாகக் கிடந்தது. கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வாடகை கொடுக்கப் போனாலும், தண்ணீர் மோட்டார் போடச் சொல்லப் போனாலும் ஒரே வசனம்: “வாசல்லயே இரும்மா, இதோ வரேன்.” குரலில் கோபம் இருக்காது. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நம் ஊரில் முறைத்துக்கொண்டு செய்வதை இங்கே சிரித்துக்கொண்டு செய்கிறார்கள், முன்னேற்றம்.

அப்பா அவ்வப்போது ஒரு கிரேடு, அதாவது ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய, தக்காளியைப் பஸ்ஸில் போட்டு அனுப்புவார். மண்டியில் கழித்துவிடும் வெடித்த பழம், அளவுக்கு மேல் பழுத்த பழம். அதில் ஒரு கூடை ஹேமா அக்காவுக்குப் போகும். வாங்கிக்கொள்வார், சந்தோஷமாக. வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கழுவி உள்ளே எடுத்துப் போவார். பச்சையாக இருக்கும்வரை தக்காளிக்குத் தெரு கிடையாது. அதையே நான் சமைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டு போனால், “அய்யோ, இன்னிக்கு நாங்க விரதம்மா” என்பார். பொங்கலன்று விரதம். கயல் பிறந்தநாள் கேசரிக்கு விரதம். புதன்கிழமை விரதம். நான் சமைக்கும் நாளெல்லாம் அவர் வீட்டில் விரதம்.

இதில் ஒரு வேடிக்கை. கயலைப் பள்ளியில் சேர்த்த வருஷம், என் சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். அங்கிருந்தவர் கோபுர முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது தமிள்நாடுது மேடம். இல்லி நடெயல்ல” என்றார். இங்கே செல்லாதாம். வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்குச் சலுகை கிடையாது, அதுதான் விதியாம். ஆக, சலுகை என்று வந்தால் எல்லை தாண்டியதும் என் சாதி செல்லாது. ஹேமா அக்கா வீட்டு நிலைப்படியில் மட்டும் செல்லும்.

3

இனி சாஸ்.

ஒரு வாரம் கிரேடு வந்தபோது வீட்டில் ஏற்கெனவே தக்காளி நிறைய இருந்தது. அழுகவிட மனம் வரவில்லை. அம்மா குனிந்து பறித்த பழம். ரசம், தொக்கு எல்லாம் அலுத்துப் போயிற்று. கயல் வேறு ஒரு வாரமாக ‘ரெட் பாஸ்தா’ என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் கேன்டீனில் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். புளிப்பும் தித்திப்புமாக, பூண்டு வாசனையோடு, தாளிப்பை மறந்த தொக்கு மாதிரி. எங்கள் டீமில் ஒரு பெண் அதன் சாஸை அடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட வேண்டும் என்று பாடம் எடுத்தாள். மணிக்கணக்காக அடுப்புப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சமையலுக்கு ஆள் இருக்கும். எனக்குக் குக்கர்தான் இருக்கிறது.

செய்வது எளிது. குக்கரில் எண்ணெய் ஊற்றி வெங்காயத்தை வதக்கு. பூண்டை நசுக்கிப் போடு. தக்காளியை இரண்டாக நறுக்கிப் போடு, அரைக்காதே. பாதிக் குக்கருக்கு மேல் போடாதே. தண்ணீர் சொட்டுக்கூட வேண்டாம், பழமே விட்டுக்கொள்ளும். உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அடுப்பைக் குறைத்து வைத்து ஒரு விசில். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்தால், தோல் சுருண்டு மேலே கிடக்கும், பொறுக்கி எறி. பருப்பு மத்தால் கடைந்து, மூடாமல் கொதிக்கவிட்டால் கெட்டிப்பட்டு எண்ணெய் பிரியும். பீட்சா வாங்கும்போது வரும் இலைத்தூள் பொட்டலங்களை நம் ஆட்கள் எல்லோரும் டப்பாவில் சேர்த்து வைத்திருப்போம் இல்லையா, அதில் இரண்டைப் பிரித்துக் கொட்டு. முடிந்தது.

இதை முதலில் மோப்பம் பிடித்தவள் ஹேமா அக்காவின் மகள் தன்யா. அவளும் கயலும் ஒரே பள்ளி, ஒரே வேன். தன்யா எங்கள் வீட்டுக்குள் வருவாள், போவாள், என் கட்டிலில் குதிப்பாள், ஃபிரிட்ஜைத் திறப்பாள். பாஸ்தாவைத் தட்டை வழித்துத் தின்றாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கயல் கீழே போனால் நிலைப்படியில் நிற்பாள். யாரும் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. “அங்கயே நில்லு கண்ணு, தன்யா வருவா” என்ற ஒரு வாக்கியத்திலேயே கற்றுக்கொண்டாள். பின் தெருவில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வா வா என்று கூப்பிடுகிறார்கள், இவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கு வெளியே கைகட்டி நிற்கிறாள். அந்த அம்மா என்னிடம், “எவ்ளோ டிசிப்ளின் உங்க பொண்ணு!” என்று பாராட்டினார். என் அப்பா தோட்டத்து முதலாளி வீட்டு வாசலில் நிற்பது இப்படித்தான். அதே கைகட்டு. அவரிடமிருந்து எனக்கு வராமல் இருக்கத்தான் நான் அவ்வளவு படித்தேன். என்னைத் தாண்டிக் குதித்து இவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

4

தன்யாவின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. கேக், சிப்ஸ் போதாது, கயல் வீட்டு ரெட் பாஸ்தாதான் வேண்டும் என்று தன்யா ஒற்றைக்காலில் நின்று, இரகசியத்தையும் போட்டு உடைத்துவிட்டாள். காலையில் ஹேமா அக்கா படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்த சிகப்பு சாஸு எப்படிப் பண்றது? குக்கர்லயாமே?”

“நானே பண்ணித் தரேன்க்கா. எல்லாப் பசங்களுக்கும் சேர்த்து.”

“வேணாம்மா, உனக்கெதுக்குச் சிரமம். பழம் மட்டும் குடு. வந்து எப்படின்னு சொல்லு, நான் பண்ணிக்கிறேன்.”

“கயலும் வருவா இல்லக்கா, சாயந்திரம்?”

“கேக்கு மாடிக்குக் குடுத்தனுப்புறேன், கண்டிப்பா!”

கயல் காதில் கேக் மட்டும் விழுந்தது. பன்னிரண்டு மணிக்கே புதுக் கவுன் போட்டுக்கொண்டாள். நான் ‘முடியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும். போனேன், அவளுக்காக. அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்தால் சாயந்திரம் அவளையும் உள்ளே விடுவார் என்று ஒரு நப்பாசை.

நிலைப்படிக்குப் போனதும் நப்பாசை முடிந்தது.

“அங்கயே நின்னு சொல்லும்மா. காதுல விழும்.”

ஹால் தாண்டி, பூஜை அலமாரி தாண்டி, உள்ளே அடுப்படி. எனக்குத் தெரிந்தது ஹேமா அக்காவின் ஒரு முழங்கை மட்டும். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, பாதி குக்கருக்கு மேல போடாதீங்க.”

“ஆங், சரி சரி.”

“அரைக்காதீங்க. ரெண்டா நறுக்கிப் போட்டா போதும்.”

உள்ளே மிக்சி ஓடியது.

“அக்கா! அரைக்க வேணாம்!”

“தெரியும்மா, தோல் பசங்க வாயில மாட்டும்ல. நான் என்ன நேத்தா சமைக்கிறேன்?”

“நான் வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா?”

“வேணாம் வேணாம். இப்பதான் பூஜை சாமானெல்லாம் தேய்ச்சு வெச்சிருக்கேன். நீ சொல்லு.”

மூடி போடும் சத்தம் கேட்டது. காத்திருந்தோம். விசில் வரவில்லை. பாதிக் குக்கரோடு நிறுத்தியிருந்தால் வந்திருக்கும். விளிம்புவரை அரைத்த விழுதை ஊற்றியிருக்கிறார் என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பொங்கிய விழுது மேலே ஏறி விசில் துவாரத்தை அடைத்திருக்கும்.

“அக்கா, அடுப்பை அணைச்சிடுங்க. அடைச்சிருக்கும்.”

முழங்கை மறைந்தது. அவரே ஹாலுக்கு வந்தார், இடுப்பில் கை.

“விசில் வராம எப்படிம்மா அணைக்கிறது? ஒரு விசில்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன். இப்ப அணைங்கன்னு சொல்றேன்.”

“படிச்சவங்களே இப்படித்தான், மாத்தி மாத்திப் பேசறது…”

அவர் முடிக்கவில்லை. பின்னால் பட்டென்று ஒரு வெடி. குக்கரின் சேஃப்டி வால்வு பிடுங்கிக்கொண்டு போயிற்று. ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல், அதோடு சிவப்பாக ஏதோ மேலே எழுந்து அடித்தது. ஹேமா அக்கா அலறிக்கொண்டு ஓடிப்போய் கேஸை அணைத்தார். அடி ஒன்றும் படவில்லை. என்னோடு சண்டை போட ஹாலுக்கு வந்ததால் தப்பித்தார். கூரையிலிருந்து சாஸ் சொட்டும் சத்தம் வாசல்வரை கேட்டது. தேய்த்து வைத்த குத்துவிளக்கின் மேல் ஒரு கோடு வழிந்தது. ராயக்கோட்டைப் பழம் எனக்கு முன்னால் பூஜை அலமாரிவரை போய்விட்டது.

“உள்ள வாம்மா! பார்த்துட்டு நிக்கிறியே, உள்ள வா!”

ஒரு வருஷத்தில் முதல் தடவை.

“நாலு மணிக்கெல்லாம் பசங்க வந்துடும். வேலை செய்யறம்மா ஞாயித்துக்கிழமை வராது. சிங்க்குக்குக் கீழ துணி இருக்கு பாரு. நீ சீலிங்கைத் துடைச்சிட்டீன்னா நான் போய் கேக்கு வாங்கிட்டு வந்துடறேன். கயல் கண்ணு, நீயும் வாம்மா, தரையைத் துடைக்க அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணு.”

கயலின் முகத்தைப் பார்த்தேன். பூரித்துப் போயிருந்தாள். செருப்பை எப்போது கழற்றினாளோ, வலது கால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே இருந்தது. கவுனை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்திருந்தாள், மேடை ஏறுகிறவள் மாதிரி.

அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

“பூஜை சாமான் இருக்கேக்கா” என்றேன். “இப்பதானே தேய்ச்சீங்க.”

“அதெல்லாம் பரவால்லம்மா. அப்புறம் தண்ணி தெளிச்சுக்கலாம்.”

கேலி என்றே அவருக்குப் புரியவில்லை. பெருந்தன்மையாகத்தான் சொன்னார். நான் கயலைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

5

கயல் அழுத அழுகையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த செந்தில் எழுந்துவிட்டார்.

“ஆன்ட்டி கூப்ட்டாங்க! ஃபர்ஸ்ட் டைம் கூப்ட்டாங்க! நீதான் விடல!”

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் செந்தில் கண்ணைக் கசக்கினார். “துடைச்சுக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல. அக்ரிமென்ட் புதுப்பிக்கிற நேரம். ஸ்கூல்ல அட்ரஸ் ப்ரூஃப் கேக்கறாங்க. எதுக்கு இப்ப வம்பு?”

“நீங்க போய்த் துடைங்க.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கயலை மடியில் உட்கார வைத்தேன். “உன்னைக் கூப்பிடல கயல். துணி புடிக்க ரெண்டு கை வேணும்னு கூப்ட்டாங்க.”

“கை என்னுதுதானே?” என்றாள்.

அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

மிச்சமிருந்த தக்காளியை நறுக்கினேன். பாதிக் குக்கர். ஒரு விசில், சரியாக வந்தது. வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டேன். பூண்டும் தக்காளியும் மணந்து படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கட்டும் என்று. அந்த அற்பச் சந்தோஷம் எனக்குத் தேவைப்பட்டது.

மணம் இறங்கியதும் தன்யா ஏறி வந்தாள், பட்டுப் பாவாடை சரசரக்க, எப்போதும் போல ஓட்டமாக. வாசலில் கயல் நின்றாள். இரண்டு கையையும் கதவின் இரு பக்கமும் அகட்டி வைத்து மறித்தாள்.

“அங்கயே நில்லு கண்ணு” என்றாள். “உள்ள வராத.”

குரல், இழுப்பு, சிரிப்பு, எல்லாம் ஹேமா அக்கா. தன்யா நின்றாள். அவளுக்கு நிற்கத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று புரியாமல் பாவாடையைப் பிடித்தாள், விட்டாள். எந்த வீட்டு வாசலிலும் நின்று பழகாத பிள்ளை. அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது.

கரண்டியைக் கையில் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனித்தது. அதை மறைத்து எழுத மாட்டேன். நிற்கட்டும் என்று இருந்தது. கயல் திரும்பி என்னைப் பார்த்தாள், சரியாகச் செய்தேனா என்று கேட்கிற மாதிரி. அந்தக் கண்ணைப் பார்த்ததும் இனிப்பு போய்விட்டது. நிற்பதைக் கற்றவள், நிற்கவைப்பதையும் கற்றுவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் ஹேமா அக்காவின் வீடு என் வீட்டுக்குள்ளேயே கட்டி முடிந்துவிடும்.

“கயல், கையை எடு” என்றேன். “நம்ம வீட்டுப் படியில யாரும் நிக்கக் கூடாது. அவளைக் கூட்டிட்டு வா.”

“ஆனா அவங்கம்மா…”

“அவங்கம்மா வீட்டுல அவங்க சட்டம். இது என் வீடு.”

கயல் யோசித்தாள். பிறகு தன்யாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. இரண்டு தட்டு வைத்தேன். நான் மன்னித்துவிட்டேன் என்று இதைப் படிக்கிறவர்கள் முடிவு கட்ட வேண்டாம். மன்னிக்கவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழ் வீட்டுக்கு இனித் தக்காளிக் கூடையும் கிடையாது.

அவர்கள் பாதி சாப்பிட்டிருக்கும்போது படியில் காலடி கேட்டது. ஹேமா அக்கா மகளைத் தேடி வந்திருந்தார். கையில் இன்னும் சிவப்புக் கறை, முன்நெற்றி முடியில் ஒரு தக்காளி விதை. என் நிலைப்படியில் வந்து நின்றார். வாயெல்லாம் சாஸாக உட்கார்ந்திருந்த தன்யாவைப் பார்த்தார்.

“எழுந்து வாடி கீழ.”

“முடிச்சிட்டு வரேன் மம்மி. சூப்பரா இருக்கு.”

“உள்ள வாங்கக்கா” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காருங்க. அவ சாப்பிடட்டும்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கால் விரல்கள் படியின் ஓரத்தில் இருந்தன. உள்ளேயும் வரவில்லை, மகளை இங்கே விட்டுவிட்டுக் கீழே போகவும் முடியவில்லை. நாற்காலியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூப்பிடுவது என் வேலை. கூப்பிட்டுவிட்டேன்.

கயல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆன்ட்டி ஏன் வெளியவே நிக்கிறாங்க?” என்று கேட்டாள், சத்தமாக.

நான் ஹேமா அக்காவைப் பார்த்தேன். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.